லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்த டாரெண்ட்?

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? அவசரப்பட்டு அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10'-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு நின்றது. 'விண்டோஸ் 11' போடலாம் என்றால், பழைய கம்ப்யூட்டர்களில் பல அதை ஏற்பது இல்லை. "என்னிடம் அந்தச் சிப்பு இல்லை" என்று கையை விரித்து விடுகின்றன. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் புதுசு வாங்கு என்கிறார்கள். நடுத்தரக் குடும்பம் எங்கே போகும்?

அதனால் பலர் லினக்ஸ் பக்கம் திரும்பி இருக்கிறார்கள். பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்த வேலை அது. காசு கொடுக்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். நம் ஊருக்கும் அது புதிது அல்ல. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கம்ப்யூட்டர்களில் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. 'சி-டாக்' என்ற மத்திய அரசு நிறுவனம் உண்டாக்கியது அது. பல பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை!

லினக்ஸ் வந்த வீட்டில் முதல் வாரமே ஒரு கேள்வி எழும். பெரிய பைல் ஒன்றை இறக்க வேண்டும். டாரெண்ட் சாப்ட்வேர் வேண்டும். எதை வைப்பது? பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். சாதாரண வீட்டுக்கு 'டிரான்ஸ்மிஷன்' போதும். கூடுதலாக வேலை வாங்க நினைப்பவர்கள் 'கியூ-பிட்டாரெண்ட்' வைத்துக் கொள்ளலாம். எதை வைத்தாலும், லினக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் சாப்ட்வேர் கடையில் இருந்துதான் எடுக்க வேண்டும். வெளியே தேடிப் போகக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே நோட்டு, 40 மாணவர்கள்

டாரெண்ட் என்றால் என்ன?

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருக்கிறார்கள். வாத்தியாரிடம் 100 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவன் எழுதி முடித்த பிறகு அடுத்தவன் என்றால், கடைசி மாணவனுக்கு நோட்டு எப்போது கிடைக்கும்? பரீட்சையே முடிந்து போகும்!

வாத்தியார் என்ன செய்கிறார்? நோட்டின் தாள்களைப் பிரிக்கிறார். ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார். "எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒருவனிடம் 7-ம் பக்கம் இருக்கிறது. இன்னொருவனிடம் 32-ம் பக்கம் இருக்கிறது. இவன் அவனுக்குக் கொடுக்கிறான். அவன் இவனுக்குக் கொடுக்கிறான். சீக்கிரமே எல்லாரிடமும் முழு நோட்டும் சேர்ந்து விடுகிறது. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து விடலாம்.

இதுதான் டாரெண்ட். அமெரிக்கரான பிராம் கோஹன் 2001-ல் இந்த முறையை வெளியிட்டார். அதன் முழுப் பெயர் 'பிட்டாரெண்ட்'. பெரிய பைலைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. துண்டு வந்து சேர்ந்ததும், உங்கள் கம்ப்யூட்டர் அதன் ரேகையைப் பார்க்கும். ரேகை சரியாக இருந்தால் வைத்துக் கொள்ளும். தவறாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, வேறு ஆளிடம் கேட்கும்.

இதில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நடுவில் கரண்ட் போய்விட்டதா? கவலை வேண்டாம். வந்த துண்டுகள் பத்திரமாக இருக்கும். கரண்ட் வந்ததும் மீதித் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். பிரவுசரில் இறக்கும்போது 90 சதவீதத்தில் அறுந்து போய், மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எந்தத் துண்டு கூட்டத்தில் குறைவான பேரிடம் இருக்கிறதோ, அதைத்தான் சாப்ட்வேர் முதலில் வாங்கப் பார்க்கும். அந்த ஒரு ஆள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அதனால்தான் அரிதான துண்டுக்கு முதல் இடம்.

முழுப் பைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவருக்கு 'சீடர்' என்று பெயர். குருவிடம் பாடம் கேட்கும் சீடர் அல்ல இவர்! 'சீட்' என்றால் இங்கிலீஷில் விதை. விதைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொய் கணக்கு

"நான் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்க மாட்டேன்" என்று சிலர் நினைப்பார்கள். கொடுக்கும் வேகத்தை அடியோடு குறைத்து வைப்பார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

அது பலிக்காது. கோஹன் இதையும் யோசித்து வைத்திருக்கிறார். நம் ஊர் மொய் நோட்டு போன்ற ஏற்பாடு அது. யார் தமக்கு நன்றாகக் கொடுக்கிறார்களோ, அவர்களுக்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முதலில் கொடுக்கும். கொடுக்காதவர் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டியதுதான். புது ஆளிடம் கொடுக்க எதுவும் இராதே என்பதற்காக, அவ்வப்போது கணக்குப் பார்க்காமலும் யாராவது ஒருவருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான் தயவு.

இது தெரிந்துவிட்டால், சாப்ட்வேர் தேர்வில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "எது வேகமானது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே சரியில்லை. வேகம் சாப்ட்வேரில் இல்லை. எத்தனை சீடர்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டு இணைப்பு எவ்வளவு, நீங்கள் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறீர்கள் — இவற்றில்தான் வேகம் இருக்கிறது. நல்ல சாப்ட்வேர் இரண்டை எடுத்து ஒரே பைலை இறக்கச் சொன்னால், வீட்டில் உள்ளவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். "40 எம்.பி. இணைப்பு வாங்கினேன். சாப்ட்வேர் 5 எம்.பி.தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்கள்!" என்று கோபப்படுபவர்கள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர் சொல்வது மெகா பிட். சாப்ட்வேர் காட்டுவது மெகா பைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. கணக்கு சரியாகப் போயிற்று. அந்த வேகம் முழுவதும் கிடைத்தால், 3 ஜி.பி. பைல் 10 நிமிடத்தில் வந்து விடும்.

இரண்டு பேர்

வேகத்தில் வித்தியாசம் இல்லை என்றால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

டிரான்ஸ்மிஷனைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய வெறும் ஜன்னல். நாலைந்து பொத்தான்கள். ஒரு பட்டியல். அவ்வளவுதான். பாட்டிக்கும் புரியும். கம்ப்யூட்டரின் நினைவில் அதிக இடம் கேட்காது. பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? 2005-ல் பிறந்த சாப்ட்வேர் இது. உபுண்டு லினக்ஸில் 2008 முதல் பல ஆண்டுகள் கூடவே வந்தது. 'மிண்ட்' என்ற லினக்ஸைப் போட்டவர்கள் மெனுவில் தேடிப் பாருங்கள். ஏற்கனவே இருக்கும்.

அதில் எனக்குப் பிடித்தது ஓர் ஆமைப் படம். கீழே ஓரத்தில் இருக்கும். அதைத் தட்டினால் டாரெண்ட் ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கிறதா? ஆமையைத் தட்டுங்கள். வகுப்பு முடிந்ததா? மறுபடியும் தட்டுங்கள். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை ஆமை என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கலாம்.

கியூ-பிட்டாரெண்ட் கொஞ்சம் படித்த பிள்ளை. 2006-ல் தொடங்கியது. அதில் பொத்தான்கள் அதிகம், பட்டியல்கள் அதிகம். உள்ளேயே தேடலாம். எந்த இணைப்பு வழியாக மட்டும் ஓட வேண்டும் என்று கட்டிப் போடலாம். அடுத்த அறையில் உள்ள போனில் இருந்தே பார்த்து நிறுத்தலாம். விண்டோஸில் 'யூ-டாரெண்ட்' பழகியவர்களுக்கு முகம் பழகியதாக இருக்கும். விளம்பரம் கிடையாது. தொண்டர்கள் சேர்ந்து செய்வது. தினமும் டாரெண்ட் ஓட்டுகிறவர் என்றால் இதுதான் வசதி. மாதம் ஒரு தடவை ஓட்டுகிறவருக்கு இத்தனை பொத்தான் எதற்கு?

அதற்காக அது குற்றமே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 2010-ம் ஆண்டு ஏப்ரலில் அதில் ஓர் ஓட்டை விழுந்தது. தேடுவதற்கும் வேறு சில வேலைகளுக்கும் வெளி இடங்களோடு பேசும்போது, எதிரே இருப்பவர் உண்மையானவர்தானா என்று அடையாளச் சீட்டை அது சரிபார்க்கவில்லை. அந்த ஓட்டை அடைபட்டது 2024 அக்டோபரில் வந்த 5.0.1 பதிப்பில். 14 ஆண்டு! எத்தனையோ பேர் பார்க்கக் கூடிய திறந்த சாப்ட்வேரிலேயே இப்படி நடந்திருக்கிறது. அதனால், "அப்டேட் செய்யவா?" என்று லினக்ஸ் கேட்டால் "செய்" என்று சொல்லுங்கள்.

மற்றவர்கள்? 'டெலூஜ்' நல்லதுதான். துணைக் கருவிகளை ஒட்டிக்கொள்ளலாம். கே.டி.இ. என்ற திரையை வைத்திருப்பவர்களுக்குக் 'கே-டாரெண்ட்' பொருந்தும். 'ஆர்-டாரெண்ட்' எழுத்துத் திரையில் ஓடுவது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. அது தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'வூஸ்' என்று ஒன்று இருந்தது. அதன் வேலை நின்றுவிட்டது. அதைச் செய்தவர்களில் சிலர் 2017-ல் 'பிக்லி-பி.டி.' என்று புதிதாகத் தொடங்கினார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு அது கனம்.

யூ-டாரெண்ட் வேண்டாம்

"எனக்கு யூ-டாரெண்ட்தான் வேண்டும்" என்று அடம் பிடிப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸில் பழகிய பெயர். விட மனம் வரவில்லை.

ஒரு காலத்தில் அது நல்ல சாப்ட்வேர்தான். 2005-ல் சுவீடன் நாட்டு லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்பவர் எழுதியது. கையளவு சாப்ட்வேர், மலையளவு வேலை. 2006-ல் பிட்டாரெண்ட் கம்பெனி அதை வாங்கியது. பிறகு விளம்பரம் வந்தது. 2015 மார்ச்சில் இன்னொரு கூத்து நடந்தது. யூ-டாரெண்டோடு சேர்ந்து 'எபிக் ஸ்கேல்' என்ற வேறு ஒரு சாப்ட்வேர் தங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது என்று பலர் கூச்சல் போட்டார்கள். அது கம்ப்யூட்டரின் உழைப்பைத் திருப்பிவிட்டு டிஜிட்டல் நாணயம் தோண்டும் சாப்ட்வேர். சம்மதம் கேட்டுத்தான் வந்தது என்றது கம்பெனி. கேட்கவே இல்லை என்றார்கள் பலர். கடைசியில் அதைச் சேர்ப்பதைக் கம்பெனி நிறுத்தியது.

லினக்ஸுக்கு, ஜன்னலும் பொத்தானும் உள்ள முழு யூ-டாரெண்ட் வரவே இல்லை. விண்டோஸ் பதிப்பை எப்படியாவது லினக்ஸில் ஓட்டப் பார்ப்பது, நல்ல வாசல் இருக்கும்போது கூரையைப் பிரித்து இறங்குவது போல. எதற்கு அந்த வேலை?

கடை எங்கே?

இனி, நான் அதிகம் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

விண்டோஸில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்டர்நெட்டில் பெயரைத் தேடுவது. முதலில் வருவதைத் தட்டுவது. இறக்கி ஓட்டுவது. லினக்ஸில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். லினக்ஸிலேயே ஒரு சாப்ட்வேர் கடை இருக்கிறது. காசு இல்லாத கடை. அதில் பெயரை எழுதுங்கள். 'இன்ஸ்டால்' என்பதை அழுத்துங்கள். தீர்ந்தது வேலை. பெயரை மட்டும் எழுத்துக் கூட்டி நன்றாகப் படியுங்கள். ஒன்றைப் போலவே இன்னொரு பெயர் வைத்து ஏமாற்றுவது எல்லாக் கடையிலும் நடக்கிற மோசடி.

2016-ல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச் மாதம். டிரான்ஸ்மிஷனின் சொந்த இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கான 2.90 பதிப்பில் 'கீரேஞ்சர்' என்ற விஷத்தைக் கலந்தார்கள். அதை இறக்கியவர்களின் கம்ப்யூட்டரில் அது 3 நாள் சும்மா இருந்தது. பிறகு போட்டோ, கணக்கு, கடிதம் எல்லாவற்றையும் பூட்டியது. "ஒரு பிட்காயின் கொடு, திறக்கிறேன்" என்றது. அப்போது அதன் விலை சுமார் 400 டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் அதே இடத்தில் வேறு விஷம். லினக்ஸில் கடை வழியாக டிரான்ஸ்மிஷன் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலப்படம் மேக் பதிப்பில்தான் நடந்தது.

சொந்தக் கடை வாசலிலேயே கலப்படம் நடக்குமானால், சந்தில் இருக்கும் கடையைப் பற்றி என்ன சொல்வது!

இன்னொன்று, அதே ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி நடந்தது. மிண்ட் லினக்ஸின் இணையதளத்தில் புகுந்த ஒருவன், லினக்ஸை இறக்கும் வழியையே மாற்றினான். அந்த வழியில் போனவர்களுக்குக் கள்ள லினக்ஸ் கிடைத்தது. ஆனால் டாரெண்ட் மூலம் இறக்கியவர்களுக்கு ஆபத்து இல்லை என்று மிண்ட்காரர்கள் அறிவித்தார்கள். துண்டுக்குத் துண்டு கைரேகை பார்க்கிறார்கள் அல்லவா? நடுவில் யாரும் கள்ளத் துண்டைச் செருக முடியாது. டாரெண்ட் என்றாலே திருட்டு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே டாரெண்ட்தான் காவல்காரன்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. டாரெண்ட் பைலையே மாற்றிவிட்டால், கள்ளப் பைலின் ரேகைதான் அதில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க டாரெண்டால் முடியாது. அதனால் டாரெண்ட் பைலை எங்கே வாங்குகிறோம் என்பது முக்கியம்.

கடைக்குள் திருடன் வரவே மாட்டானா? வரப் பார்த்தான். 2024 மார்ச்சில், 'எக்ஸ்-இசட்' என்ற சிறு கருவிக்குள் ஒளிந்துகொண்டு, சில லினக்ஸ்களின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டான். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினீயர், ஒரு வேலைக்கு அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டுப் பிடித்துவிட்டார். வீடுகளில் உள்ள நிலையான பதிப்புகளுக்கு வருவதற்குள் பிடிபட்டான். கடையில் குறைந்தபட்சம் காவல் இருக்கிறது. தெருவில் அதுவும் இல்லை.

பர்சைக் கடிக்கும் விஷயம்

நாளைக்கு 1.5 ஜி.பி. என்று அளந்து கொடுக்கும் போன் திட்டத்தில் டாரெண்ட் ஓட்டலாமா? வேண்டாம் என்பேன். மிண்ட் லினக்ஸ் ஏறக்குறைய 3 ஜி.பி. உபுண்டு ஏறக்குறைய 6 ஜி.பி. இறக்குவது மட்டும் கணக்கு அல்ல. நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுப்பதும் கணக்கில் ஏறும். காலையில் அம்மா ஊருக்கு வீடியோவில் பேச நினைத்தால், டேட்டா தீர்ந்திருக்கும். வயர் இணைப்பு உள்ள வீட்டில் ஓட்டுங்கள். இல்லையேல் இணைப்பு உள்ள நண்பரிடம் பென் டிரைவைக் கொடுத்து அனுப்புங்கள். அதுவும் ஒரு டாரெண்ட்தான்!

வயர் இணைப்பு இருந்தாலும் கொடுக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். கொடுப்பதை முழு வேகத்தில் விட்டால், வாங்கும் வேகமும் படுத்துவிடும். "இந்தத் துண்டு வந்தது" என்று பதில் அனுப்பக் கூட வழி கிடைக்காது. இணைப்பு கொடுக்கக் கூடிய வேகத்தில் முக்கால் பாகம் என்று வையுங்கள். அடியோடு நிறுத்தாதீர்கள். மொய் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

சினிமா ஆசை

இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாரெண்ட் என்றதும் பலருக்கு நேற்று வெளியான சினிமாதான் நினைவுக்கு வருகிறது.

"நான் பார்க்கத்தானே செய்கிறேன்? விற்கவில்லையே?" என்று கேட்பார்கள். டாரெண்டில் அந்தச் சமாதானம் செல்லாது. ஒரு துண்டு வந்தவுடனே, உங்கள் கம்ப்யூட்டர் அதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் வாங்கியவர் மட்டும் அல்ல. வினியோகித்தவரும் நீங்களே. உங்கள் இணைப்பின் எண் கூட்டத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் என்கிறது. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தை எழுதிவிட்டுக் கோர்ட்டு தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்றுதான் இருக்கிறது. குறைக்க வேண்டும் என்று இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில். போலீஸ் முதலில் அவரைத்தான் கேட்கும். பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

நியாயமாக இறக்கக் கூடியவை ஏராளம் இருக்கின்றன. டெபியன், உபுண்டு, மிண்ட் ஆகிய லினக்ஸ்கள் எல்லாம் டாரெண்டில் உண்டு. கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் உண்டு. அமெரிக்காவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ், தன்னிடம் உள்ள பழைய புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் 2012 முதல் டாரெண்டிலும் கொடுக்கிறது. உரிமைக் காலம் முடிந்தவையாகப் பார்த்து எடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிவிக்ஸ்'. அவர்கள் விக்கிப்பீடியாவையே ஒரு பைலாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் இருக்கிறது. டாரெண்டிலும் கிடைக்கிறது. ஒரு தடவை இறக்கிவிட்டால் போதும். பிறகு இன்டர்நெட்டே இல்லாமல் படிக்கலாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு படிப்பார்கள்.

இறக்கி முடித்தவுடன் அந்தப் பைலின் பெயரை மாற்றிவிடாதீர்கள். வேறு இடத்துக்கு இழுத்துப் போடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் சாப்ட்வேருக்குப் பைல் எங்கே என்று தெரியாது. பிறருக்குக் கொடுப்பது நின்றுவிடும். இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், டிரான்ஸ்மிஷனில் அந்தப் பெயரின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். இடம் மாற்றும் வழி அங்கேயே இருக்கிறது. கியூ-பிட்டாரெண்டிலும் அதே இடம்தான்.